செங்கோட்டுச் சுரமும் மூட்டின் அழற்சியும்

சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்களில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு விரல் மூட்டுகள் வீங்கி, விடியற்காலையில் கை மடக்க வராமல் போனால், பல வீடுகளில் மருத்துவரைப் பற்றிய பேச்சுக்கு முன்பே எழுவது "என்ன பாவம் பண்ணினாளோ" என்ற குரல்தான். சில வீடுகளில் அது அவள் பாவம். சில வீடுகளில் பெற்றவர்கள் பாவம். கல்யாணமாகி வந்தவள் என்றால் கொண்டுவந்த தோஷம். சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் இந்த நோயும், லூப்பஸும், இளைஞர்களின் முதுகெலும்பை இறுக்கும் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும் ஒரே குடும்பம். உடலின் காவல் ஆற்றல் தன் சொந்தத் திசுக்கள் மீதே பாய்வதால் வருபவை. காலராவுக்கும் காசநோய்க்கும் வெளியே ஒரு பகைவனைக் காட்டலாம். இங்கே அடிப்பதும் அதே உடல், அடி வாங்குவதும் அதே உடல். அதனாலேயே வினை என்ற பேச்சு வேறெந்த நோயைவிடவும் இதில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பேச்சை நோயாளியின் தலையில் ஏற்ற நமக்கு உரிமை உண்டா? இல்லை என்பது என் முடிவு. அதற்கு மருத்துவம் ஒரு சான்று. இந்த மண்ணின் சமய மரபு இன்னொரு சான்று.

ஏழாம் நூற்றாண்டில் கொங்கு நாட்டுக்கு வந்த திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். யார் செய்த பாவம் என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அது அந்த நிலத்தின் இயல்பு என்பதைச் சம்பந்தர் ஏற்றுக்கொள்கிறார். நிலத்தின் இயல்பே ஆனாலும் நம்மை அண்டலாகாது என்று சொல்லித்தான் பாடத் தொடங்குகிறார். அப்படிப் பிறந்தது திருநீலகண்டப் பதிகம், முதல் திருமுறையின் 116ஆம் பதிகம். அதன் முதல் பாட்டே வினைப் பேச்சை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. முன்னே செய்ததன் பலன் இது என்று பேசிக்கொண்டு, மீளும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையாகாதா என்று அடியார்களிடமே கேட்கிறது. அடுத்த பாட்டில் சோலை வைப்பதும் குளம் தோண்டுவதும் வருகின்றன. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களின் பாட்டாக அது எனக்குப் படவில்லை. வினை இல்லை என்று சம்பந்தர் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஈசன் அருளால் அது தீண்டாது என்பதுதான் அவர் பாட்டு. ஆனால் காய்ச்சலில் கிடப்பவனிடம் வினையைக் காரணம் காட்டிப் பேச்சை முடித்துக்கொள்வதை அவர் கண்டித்தார். இன்று சரவாங்கியில் கிடப்பவளுக்கு அந்தக் கண்டிப்புதான் துணை.

அந்தச் சுரத்துக்குள் நடந்தது என்ன என்பதை இன்றைய மருத்துவம் சொல்லிவிடும். கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களைச் சுரக்கின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள் அவை. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப் ஆகியவை மூளையின் ஹைப்போதலாமஸை எட்டி, உடலின் வெப்ப அளவை உயர்த்தச் செய்கின்றன. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருவது அதனால்தான். காய்ச்சல் உடலின் போர் முறை. அதே மூன்று புரதங்கள்தான் சரவாங்கியில் விரல் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மூட்டின் உள்ளே விரிந்திருக்கும் சவ்வு, நலமாக இருக்கும்போது ஓரிரு செல் அடுக்கு அளவுதான். நோயில் அது பல அடுக்காகத் தடித்து, புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டு, குருத்தெலும்பின் மேல் படர்கிறது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அந்தச் சைட்டோகைன்கள் தூண்டிவிடுகின்றன; எலும்பின் ஓரம் அரிபடுகிறது. இந்த நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 விடியற்காலையில்தான் உச்சத்துக்குப் போகிறது. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ தறிக்குடோனில் காலை ஷிப்டுக்கு வந்த பெண், அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட முடியாமல் நிற்கிறாள் என்றால், ஆள்காட்டி விரலின் அடிமூட்டும் நடுமூட்டும் பிசைந்த மாவுபோல் உப்பி இருக்கின்றன என்றால், பத்து மணிக்கு மேல் அதே கை ஓரளவு இளகிவிடுகிறது என்றால், காரணம் இதுதான். "காலையில முடியல, மத்தியானம் மட்டும் எப்படி முடியுது" என்று அவளைச் சந்தேகிப்பவர்கள் அந்தப் புரதத்தின் நேரக் கணக்கை அறியாதவர்கள்.

அப்படியானால் டி.என்.எஃப் கெட்ட புரதமா? இங்கேதான் வினைக் கணக்கு முதலில் இடறுகிறது. லண்டனில் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். டி.என்.எஃப் ஒன்றை அடைத்தால் இன்டர்லூக்கின்-1 முதலான மற்ற அழற்சிப் புரதங்களும் அடங்குவதை 1989இல் அந்தக் குழு கண்டது. 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அதை அடைக்கும் மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பல ஆண்டு வீக்கம் வாரக் கணக்கில் வடிந்தது. 2003இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் அந்த மருந்து பரவலான சில ஆண்டுகளில், 2001இல், அதை எடுத்துக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை ஓர் அமெரிக்க ஆய்வு வெளியிட்டது. உடலுக்குள் பல காலமாக உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருந்தது டி.என்.எஃப், அதை எடுத்ததும் அடைப்பு தளர்ந்தது. நம் நாட்டில் இந்த ஊசி போடும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதனால்தான். மூட்டை அரிக்கும் புரதமும் காசநோயிலிருந்து காக்கும் புரதமும் ஒன்றே. பாவத்தின் கூலியாக உடலுக்குள் வந்து சேர்ந்த பொருள் என்று அதைச் சொன்னால், அதே பொருள் ஊரில் நலமாக இருக்கும் ஒவ்வொருவரையும் காத்துக்கொண்டிருப்பதற்கு என்ன பதில்?

தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் உடல் என்ற பேச்சையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், உடல் தன் மீதே நஞ்சைப் பாய்ச்சிக்கொள்ள அஞ்சும், அதைத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று உடலுக்குள் கட்டாயம் இருக்கும் என்றார். பின்வந்தவர்கள் அதை, அப்படியொரு நோயே வராது என்பதாக எடுத்துக்கொண்டார்கள்; சுயஎதிர்ப்பு நோய் என்ற கருத்து ஏற்கப்படவே அரை நூற்றாண்டு ஆனது. எர்லிக் ஊகித்த ஏற்பாட்டின் முக்கியமான பகுதியை 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி கண்டார். சொந்தத் திசுவைத் தாக்கக்கூடிய டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் நலமான ஒவ்வொருவர் உடலிலும் உண்டு. அவற்றை அடக்கி வைக்கும் தனி டி-செல்களும் உண்டு. அந்த அடக்கும் செல்களை ஆளும் மரபணுவைக் கண்ட மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் சகாகுச்சிக்கு 2025இன் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோயாளிக்கும், அவளைப் பார்த்து "உச்" கொட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்: இருவர் உடலிலும் தன்னைத் தாக்கும் செல்கள் இருக்கின்றன, ஒருவரிடம் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. கெட்ட உடல், நல்ல உடல் என்று பிரிக்க இங்கே கோடு கிடைக்காது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. எப்படி வந்தது என்பதை மருத்துவம் சொல்கிறது. ஏன் இவளுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை, அந்த இடத்தில்தான் வினை நிற்கிறது என்பார்கள். மருத்துவம் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நூறு ஜோடிகளில் 15இல்தான். ஆகவே மரபணுவோடு முடிவதில்லை. புகைப்பழக்கம் வாய்ப்பைக் கூட்டுகிறது. கல்தூசி கூட்டுகிறது. மலேசியாவில் பெண்களிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வு, நெசவாலைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு மூன்று மடங்கை நெருங்குவதாகக் காட்டியது. தறிச் சத்தத்தோடு விடியும் இந்தச் சமவெளிக்கு அது தூரத்துச் செய்தி ஆகாது. பஞ்சு பறக்கும் கொட்டகையில் சன்னலைத் திறந்தால் இழை அறும் என்று மூடி வைத்த காற்றுக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றவளின் நோய்க்குப் போன பிறவியைத் தேடுபவர்கள், இந்தப் பிறவியின் தூசியைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள். சேக்கிழார் காட்டிய நிலத்தின் இயல்பு இன்று நாமே உண்டாக்கிய இயல்பாகவும் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு தேட வேண்டிய இடம் கொட்டகை. இவை போக, தற்செயலுக்கும் ஒரு பங்கு உண்டு. நோய் எதிர்ப்புச் செல்களின் ஏற்பிகளுக்கான மரபணுத் துண்டுகள் ஒவ்வொரு உடலிலும் கலைத்துக் கோக்கப்படுவதைக் கண்டதற்காக சுசுமு டோனகாவா 1987இல் நோபல் பெற்றார். இரட்டையர்களுக்குள்ளும் அந்தக் கோவை மாறுபடும். இதை ஊழ் என்று சொல்ல விரும்புபவர் சொல்லட்டும். கைக்கு எட்டாதது என்ற அளவில் எனக்கு அதில் வழக்கு இல்லை. அதைக் குற்றம் என்று சொல்லும்போதுதான் வழக்கு.

குற்றக் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பதைப் பெண்களின் எண்ணிக்கை சொல்லும். முடக்குவாத நோயாளிகளில் நால்வரில் மூவர் பெண்கள். லூப்பஸில் பத்துக்கு ஒன்பது பேர். இரண்டாவது எக்ஸ் குரோமோசோமும், அதை அடக்கிவைக்கும் ஏற்பாட்டில் பங்கு கொள்ளும் மூலக்கூறுகளும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று 2024இல் வந்த ஆய்வு காட்டுகிறது. நோய் பாவத்தின் அளவு என்றால், பெண்கள் ஆண்களைவிட ஒன்பது மடங்கு பாவம் செய்தவர்கள் என்று சொல்ல வேண்டிவரும். பெண்ணாகப் பிறந்ததே வினைதான் என்று இதற்கும் பதில் சொல்லும் பழைய வாய்கள் உண்டு. அவர்கள் திருச்செங்கோட்டு மலை ஏறிப் பார்க்கட்டும். கருவறையில் நிற்கும் இறைவனின் பாதி உடல் பெண். வலப்பாதி வேட்டியும் இடப்பாதி சேலையுமாக அலங்காரம் செய்து வணங்கும் தெய்வத்தின் அடிவாரத்தில் நின்றுகொண்டு, பெண் உடலைத் தண்டனை என்று சொல்ல எந்தச் சைவனுக்கும் வாய் வரக்கூடாது.

சாத்திரம் படித்தவர்களின் மறுப்பு இதைவிட ஆழமானது. சைவ சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூன்றாகப் பிரிக்கிறது; இந்த உடல் அனுபவிப்பது பிராரத்தம். சத்தியம் தவறிய சுந்தரர் கண்ணிழந்தார் என்று பெரியபுராணமே சொல்கிறது. பிறர்க்குச் செய்த துன்பம் செய்தவனையே தேடி வரும் என்கிறார் வள்ளுவர். இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு எப்படிப் பேசலாம் என்று கேட்பார்கள். நான் எதையும் தள்ளவில்லை. யார், யாரிடம், எப்போது பேசுகிறார் என்பதைப் பாருங்கள் என்கிறேன். வள்ளுவர் அதைச் சொல்வது இன்னா செய்யாமை அதிகாரத்தில். கையை ஓங்கியவனிடம், ஓங்கிய கையை இறக்கு என்பதற்காக. நோய் வந்தவனைப் பற்றி அவர் பேசும் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளிலும் வினை என்ற பேச்சே இல்லை. உணவின் அளவு, நோயின் காரணம், நோயாளியின் வயது வலிமை, காலம், மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன், இவைதான் இருக்கின்றன. ஊழுக்கென்று தனி அதிகாரம் எழுதிய அதே மனிதர் நோய்ப்படுக்கையின் அருகே அதைக் கொண்டுவரவில்லை. சுந்தரர் தன் தவறைத் தானே அறிந்தவர். எதிரே நின்று வாதாடியதும் இறைவனோடுதான். அவருடைய கண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஊர்க்காரர் ஒருவரும் அந்தக் கதையில் இல்லை. பிராரத்தக் கணக்கை அறிந்தவன் ஈசன் ஒருவனே என்பது சித்தாந்தத்தின் நிலை. அந்தக் கணக்கேட்டைத் திறந்து மருமகளின் பக்கத்தைப் படிக்க மாமியாருக்கு யார் அனுமதி கொடுத்தது?

சைவத்தோடு இது முடிவதில்லை. சேலம் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வணங்கிவந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறையின் அறிக்கையை ஏற்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அந்தப் புத்தர் இதே கேள்விக்குப் பதில் சொன்னவர். மனிதன் படும் துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று சீவகன் என்ற நாடோடித் துறவி கேட்டதற்கு, பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடுதல், பருவமாற்றம், கவனமின்மை, பிறரது தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். வினை எட்டில் ஒன்று. மற்ற ஏழையும் கண்ணெதிரே கண்டுகொண்டு, எல்லாம் வினையே என்பவர்கள் கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. வினையை நம்பிய இரண்டு பெரும் மரபுகளும் இந்தச் சமவெளியில் காலூன்றியிருக்கின்றன. இரண்டுமே நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மறுத்திருக்கின்றன.

படித்தவர்கள் வினை என்று சொல்வதில்லை. கோபத்தை அடக்கி வைத்தாள், மனசுக்குள் தன்னையே வெறுத்தாள், பால் பாக்கெட்டும் மைதாவும் தின்றாள், அதனால் வந்தது என்பார்கள். பெயர் மாறிய பழைய தீர்ப்பு இது. மன அழுத்தம் வலியைக் கூட்டும், நோய் சீறும் நாட்களோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. புகைப்பவர் நிறுத்த வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாய்ப்பைக் கூட்டும் ஒரு காரணியைக் காட்டி, நீயே வரவழைத்துக்கொண்டாய் என்று சொல்வது மருத்துவமும் ஆகாது, அறமும் ஆகாது. புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் வருவதில்லை; வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்களுக்கு வருகிறது.

இந்தத் தீர்ப்புகளுக்கு விலை உண்டு, அதை மூட்டுகள்தான் கொடுக்கின்றன. எலும்பு அரிப்பு நோயின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடும். முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்க முடியும். அந்த மாதங்களைத்தான் பரிகாரத்துக்கும், ஒளிப்பதற்கும், "பொண்ணு பார்க்க வர்றாங்க, இப்ப சொல்ல வேண்டாம்" என்பதற்கும் நாம் செலவிடுகிறோம். இடையில் பெயரில்லாப் பொட்டலத்தில் யாரோ கொடுக்கும் வாதப்பொடி இரண்டே நாளில் வலியை எடுத்துவிடுகிறது. அப்படி உடனே எடுப்பதில் பலமுறை ஸ்டீராய்டு கலந்திருக்கும், முகம் ஊதி எலும்பு மெலிந்த பின்தான் தெரியும். முறையான சிகிச்சையின் அடிப்படை மாத்திரையான மெத்தோட்ரெக்சேட்டோ மலிவானது. அதை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்காகப் பிறந்த அந்த நஞ்சு, சிறிய அளவில் அழற்சியை அடக்குகிறது. நோயை வேரோடு பிடுங்கி எறிவதில்லை. அழற்சியை எல்லைக்குள் நிறுத்துகிறது. உடலுக்கு வேண்டியதும் அதுவே. முழுதும் அணைந்தால் காசநோய் எழும், முழுதும் எரிந்தால் மூட்டு போகும். சம்பந்தர் செங்கோட்டில் பாட்டுக்குப் பாட்டு அழைத்தது, ஆலகாலத்தைத் துப்பாமலும் விழுங்காமலும் மிடற்றில் நிறுத்திய நீலகண்டனை. நோயோடு நெடுங்காலம் வாழ வேண்டியவருக்கு அந்தத் தெய்வ வடிவில் ஆறுதல் கிடைக்கும் என்று நான் மனமார நம்புகிறேன். நஞ்சு உள்ளே இருக்கிறது. ஆனாலும் அவன் தெய்வம்தான், குறையுள்ளவன் என்று யாரும் சொல்வதில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மகளோ மருமகளோ காலையில் எழுந்ததும் விரல் இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் விடவில்லை என்றால், மூட்டு வீக்கம் சில வாரங்களாக வடியவில்லை என்றால், ஜாதகத்தை எடுக்கும் முன் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, அருகில் உள்ள வாதநோய் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சி.சி.பி பரிசோதனைகளைக் கேளுங்கள். தறி வைத்திருப்பவர்கள் கொட்டகையின் தூசிக்கு ஒரு வழி செய்யுங்கள். அமாவாசைக்குக் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கும் அவளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தால் அது வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரை, தினமும் எடுத்தால் உயிருக்கு ஆபத்து என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.